பக்கத்து வீட்டுப் பையன் எப்போது பாகிஸ்தான் ஆனான்?

(வாசகர் கேள்விகளுக்கு வேலூரில் இருந்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போரைப் பற்றியே இருந்ததால் மற்றதை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பெரிய வெங்காயம் பற்றிக் கேட்ட ஆரணி வாசகர் பொறுத்துக்கொள்ளவும்.)

கேள்வி: என் மகன் நாலாவது படிக்கிறான். 2025 மே மாதம் டிவியில் ராத்திரி பகலாக இந்தியா பாகிஸ்தான் சண்டை ஓடியதிலிருந்து தெருப் பிள்ளைகளுக்கு ஒரே துப்பாக்கி விளையாட்டுதான். பக்கத்து வீட்டுப் பையன் முஸ்லிம், எல்.கே.ஜி.யில் இருந்து என் மகனோடு ஒரே ஆட்டோவில் போகிறவன். அவனை மட்டும் தினமும் "நீதான் பாகிஸ்தான்" என்று நிற்க வைத்துச் சுட்டிருக்கிறார்கள். ஒருநாள் அழுதுகொண்டே போனவன், அப்புறம் விளையாட வருவதே இல்லை. அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இந்த வருஷம் நோன்புக்கஞ்சித் தூக்குவாளி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் என்ன செய்வது?
பெயர் வேண்டாம் என்கிற ஓர் அம்மா, கணியம்பாடி

தூக்குவாளி வரவில்லை என்ற அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன் அம்மா. இன்றைக்கே போய்விடுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம். மகனையும் கூட்டிப் போங்கள், ஆனால் வாசலில் நிறுத்தி "மன்னிப்பு கேளுடா" என்று அவனை முன்னால் தள்ளிவிட்டு நீங்கள் பின்னால் நிற்காதீர்கள். பேச வேண்டியவர் நீங்கள். "எனக்குத் தெரிஞ்சும் இத்தனை நாள் வந்து கேக்கல, தப்பு என்னோடது" என்றால் போதும், அதற்கு மேல் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் கெட்டுவிடும்.

பிள்ளைகள் மனதில் விஷம் ஏறிவிட்டது என்று பயப்படாதீர்கள். துப்பாக்கி விளையாட்டுக்கு எதிரி என்று ஒருத்தன் வேண்டும், அதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள், யார் பக்கம் பேச ஆள் குறைவோ அவன் தலையில் அது வந்து விழும். பெரியவர்கள் நடத்தும் சண்டையிலும் பெரும்பாலும் இதேதான் நடக்கிறது, அங்கே காரணம் மட்டும் நீளமாகச் சொல்வார்கள்.

நானே சுட்டவன்தான். 1971 டிசம்பரில், பாகிஸ்தானோடு போர் நடந்தபோது, நான் ஐந்தாவது. எங்கள் தெருவில் தையல்காரர் மகன்தான் எப்போதும் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான். அவன் அருமையாகச் செத்து விழுவான், கையைக் காலை உதறுவான், அதனால் அவனுக்கு அந்த வேஷம் பிடித்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது சிரித்துக்கொண்டே, "நீ மட்டும் என்னை எத்தனை தடவ சுட்ட தெரியுமா" என்று ஒரு எண்ணைச் சொன்னான். அவனுக்குக் கணக்கு நினைவிருந்தது. எனக்கு அந்த விளையாட்டே பாதிதான் நினைவிருந்தது.

முசாஃபர் ஷெரீஃப் என்று ஓர் உளவியல் பேராசிரியர், துருக்கியில் பிறந்து அமெரிக்கா போனவர். 1954 கோடையில் ஓக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் 22 பையன்களை முகாமுக்குக் கூட்டிப் போனார். எல்லாருக்கும் பதினொரு வயசு சுமார், ஒரே மாதிரிக் குடும்பம், ஒரே நிறம், ஒரே மதம், முன்பின் அறிமுகம் இல்லை. இரண்டு குழுவாகப் பிரித்துத் தனித்தனியே தங்கவைத்து, அப்புறம் போட்டி வைத்தார்கள், ஜெயித்தால் கோப்பையும் பேனாக்கத்தியும் பரிசு. சில நாளில் ஒரு குழு இன்னொன்றின் கொடியைக் கொளுத்தியது, ராத்திரியில் அறைக்குள் புகுந்து கட்டிலைக் கவிழ்த்தார்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்றார்கள். அத்தனையும் ஒரு பேனாக்கத்திக்காக! அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு சிக்கலை உண்டாக்கினார்கள், சாப்பாடு வாங்கப் போக வேண்டிய லாரி கிளம்பவில்லை என்றார்கள். எல்லாப் பையன்களும் சேர்ந்து கயிறு கட்டி லாரியை இழுத்தார்கள். எந்தக் கயிறு? முன்பு ஒருவரை ஒருவர் தோற்கடிக்கக் கயிறிழுக்கும் போட்டியில் பிடித்தார்களே, அதே கயிறு.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. 1953இல் இதே ஷெரீஃப் இதே சோதனையை வேறொரு முகாமில் செய்து தோற்றுப்போனார். அங்கே பையன்களை முதல் இரண்டு நாள் ஒன்றாகப் பழகவிட்டுவிட்டார்கள். அப்புறம் என்ன மூட்டிவிட்டும் அவர்கள் சண்டை போடவில்லை, பெரியவர்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் இரண்டு பையன்களும் எல்.கே.ஜி.யில் இருந்து ஒரே ஆட்டோ. கையில் அவ்வளவு பெரிய முதலீடு இருக்கிறது, வீணாக்காதீர்கள்.

இன்னொன்று. யாராவது உங்களிடம், "பிள்ளைகளுக்கு அப்துல் ஹமீது கதையைச் சொல்லுங்க, சரியாகிடும்" என்பார்கள். 1965 போரில் பாகிஸ்தானின் 'பாட்டன்' ரக டாங்கிகளை உடைத்துச் செத்து பரம்வீர் சக்ரா பெற்றவர், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இந்தச் சமயத்தில், அந்தப் பையனை வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். ஒன்பது வயசுப் பிள்ளை தெருவில் விளையாடுவதற்கு எல்லையில் செத்த ஒருவரின் சான்றிதழ் எதற்கு?

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சியில் சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வெள்ளைக்கார நோயாளிகளையும் கொன்றதாகப் படித்தேன். உண்மையா? உண்மை என்றால் ஜூலை 10ஆம் தேதி நினைவுத்தூணில் மாலை போடும்போது அதை நினைக்க வேண்டாமா?
கல்லூரி மாணவர், காட்பாடி

உண்மைதான் தம்பி. நினைக்கவும் வேண்டும். வேலையில் இருந்த காலத்தில் மக்கான் சந்திப்பில் இருக்கும் அந்தத் தூணுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போதெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன், ஒன்றிரண்டு பெற்றோர் வந்து சண்டையும் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதை மட்டும் தனியாகப் பிய்த்துப் பார்க்கக் கூடாது. முதல் நாள் வரை அந்தச் சிப்பாய்களும் வெள்ளைக்காரச் சோல்ஜர்களும் ஒரே கோட்டையில் ஒரே காவல் பார்த்தவர்கள். நடுவில் வந்தது ஓர் உத்தரவு. தோலால் ஆன சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும், நெற்றியில் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும். முடியாது என்றவர்களில் இரண்டு பேருக்கு, ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம், ஆளுக்கு 900 கசையடி. தொண்ணூறு இல்லை தம்பி, தொள்ளாயிரம். சிப்பாய்களின் குடும்பங்கள் கோட்டைக்கு வெளியே பேட்டையில் இருந்தன, வழக்கமாக ராத்திரி அங்கேதான் போய்ப் படுப்பார்கள். மறுநாள் காலையில் கவாத்து என்பதால் அன்று கோட்டைக்குள்ளேயே தங்கினார்கள். விடியற்காலை இரண்டு மணிக்குத் துப்பாக்கி வெடித்தது.

கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் செத்துப்போனார். அவர் மனைவி இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கோழிக்கூண்டில் ஒளிந்து தப்பினார். காலையில் ஆற்காட்டில் இருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்ததும், அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திக் கொன்றார்கள். கோட்டைக் கதவை உடைத்த பிளாக்கிஸ்டன் என்ற அதிகாரி பிற்பாடு, அந்தக் காட்சியைத் தன்னால் பதற்றம் இல்லாமல் பார்க்க முடிந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குள் போன சிப்பாய்க்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும். அவர்கள் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வெறுப்பு வந்து அப்புறம் கொலை நடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். நான் படித்தவரையில் பல இடங்களில் தலைகீழாக இருக்கிறது. முதலில் பயம், அவமானம், ஓர் உத்தரவு. அப்புறம் கை ஓங்கிவிடுகிறது. ஓங்கிய கையை நியாயப்படுத்தத்தான் வெறுப்பு பின்னால் வந்து சேர்கிறது, அது சீக்கிரம் போகாது.

இதே கோட்டைக்குள் அப்போது திப்புவின் பிள்ளைகளும் குடும்பமும் காவலில் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேரை 1792இலேயே, பத்து வயசும் எட்டு வயசும் இருக்கும்போது, தோற்ற போருக்கு ஈடாகத் திப்பு ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் பணயமாகக் கொடுக்க வேண்டிவந்தது. இரண்டு வருஷம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1799இல் அப்பா போரில் சாக, வேலூர்க் காவல். 1806க்குப் பிறகு மொத்தக் குடும்பமும் கல்கத்தாவுக்கு. கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறவர்களிடம், "இது திப்பு மஹால், அது ஹைதர் மஹால்" என்று பெருமையாகச் சொல்கிறோம். வீட்டுச்சிறைக்கு மஹால் என்று நல்ல பெயர்.

கேள்வி: முத்துமண்டபத்தில் இருக்கும் கண்டி ராஜா நல்லவரா, கெட்டவரா?
வாசகர், வாலாஜா

ஒரே வரியில் கேட்டுவிட்டீர்கள். ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், தெற்கில் இருந்து போன நாயக்கர் வழி, சிங்கள நாட்டின் கடைசி அரசர். 1815இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், வேலூர்க் கோட்டையில் குடும்பத்தோடு காவலில் இருந்து 1832இல் இறந்தார். பாலாற்றங்கரையில் மண்டபம். பாவம் என்று தோன்றும். ஆனால் பிடிபடுவதற்கு முந்தின வருஷம், 1814இல், எஹெலபொல என்ற தன் மந்திரி தனக்கு எதிராகத் திரும்பியதும், அந்த ஆளைப் பிடிக்க முடியாததால் அவர் மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் கொல்லச் சொன்னவர் இவர். அண்ணன் பயந்து பின்வாங்க, தம்பி முன்னால் வந்து நின்றான் என்று இலங்கையில் இன்றும் அந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறார்கள். மண்டபத்துக்குப் போனால் இரண்டையும் நினைத்துக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: நான் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள். அம்மா செய்தி பார்க்கும்போதெல்லாம், "சிங்களவங்க எல்லாம் இப்படித்தான்" என்று திட்டுவார். ஆனால் 83 கலவரத்தில் கொழும்பில் அவரை மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்து, வாசலில் வந்தவர்களிடம் பொய் சொல்லி அனுப்பியது ஒரு சிங்கள அக்கா என்றும் அவரேதான் சொல்கிறார். இதில் எதை நான் நம்புவது?
வாசகி, மேல்மொணவூர்

இரண்டையும் நம்புங்கள் அம்மா, இரண்டும் நடந்தது. அடுத்த முறை அம்மா பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். திட்டும்போது பன்மை, "சிங்களவங்க". ஒளித்துவைத்ததைச் சொல்லும்போது ஒருமை, "அந்த அக்கா". அந்த அக்காவுக்கு முகம் இருக்கும், சேலை நிறம் இருக்கும், என்ன சமைத்துக் கொடுத்தார் என்பதுகூட இருக்கும். பன்மைக்கு ஒன்றும் இருக்காது.

போர் என்ன செய்கிறது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், ஒருமையை எல்லாம் அழித்துப் பன்மை ஆக்குகிறது. அதற்குப் பெரும்பாலும் ஒரு பட்டியல் தேவைப்படுகிறது. ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்த மாத்திரத்தில் எதிரி என்று கண்டுபிடிக்க முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளைக் கொளுத்த வந்த கூட்டத்தின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது, எது தமிழர் வீடு என்று அதைப் பார்த்துத்தான் வந்தார்கள். ருவாண்டாவில் 1930களில் பெல்ஜியக்காரர்கள் அடையாள அட்டையில் ஹுட்டு, டுட்சி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1994இல் சாலையில் தடுப்புப் போட்டு அந்த அட்டையைத்தான் கேட்டார்கள். ரேடியோவில் டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றார்கள். சுமார் நூறு நாளில் எட்டு லட்சம் பேர், பலரைக் கொன்றவர்கள் அதே ஊர்க்காரர்கள்.

நம் நாட்டில் நடக்கவில்லையா? 1962 சீனப் போரின்போது அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கம் தலைமுறையாகக் கடை வைத்திருந்த, சீனாவையே பார்த்திராத சீன வம்சாவளிக் குடும்பங்களை, கைக்குழந்தை முதல் கிழவி வரை, ரயிலில் ஏற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் மூவாயிரம் பேர். போர் ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. சிலர் வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்தார்கள். வெளியே வந்தவர்களில் பலருக்குப் போக வீடு இல்லை. இது நம் பாடப்புத்தகத்தில் இல்லாததால் நானே ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன், அந்த வெட்கம் எனக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் கிளம்பச் சொன்னது புலிகள். வடக்கு முழுக்க எழுபதாயிரத்துக்கும் மேல். தமிழ் பேசுகிறவர்கள், தமிழ்ப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு தண்ணீர் இறைத்தவர்கள். அவர்கள் வீட்டிலும் உங்கள் அம்மா மாதிரி ஒரு அம்மா, "தமிழங்க எல்லாம் இப்படித்தான்" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். கூடவே, யாரோ ஒரு தமிழ் அக்கா அழுதுகொண்டே வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்ததையும் சொல்லலாம்.

அம்மாவைத் திருத்தப் போகாதீர்கள். இழந்தவர் அவர், திட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த அக்கா கதையை அடிக்கடி கேளுங்கள். எந்தத் தெரு, கட்டில் மரமா இரும்பா, மூன்று நாளும் என்ன சாப்பிட்டீங்க, வாசலில் அந்த அக்கா சொன்ன பொய் என்ன என்று துருவிக் கேளுங்கள். முடிந்தால் எழுதி வையுங்கள்.

கேள்வி: அப்பா ராணுவத்தில் 22 வருஷம் இருந்து வந்தவர். எதிர்ப்பக்கத்து வீரர்களைப் பற்றி வீட்டில் ஒருநாளும் கெட்ட வார்த்தை பேசியதில்லை, "அவங்க ஜவான்" என்றுதான் சொல்வார். ஊரைத் தாண்டியே போகாத என் சித்தப்பாதான் டிவி முன்னால் உட்கார்ந்து, "ஒருத்தனையும் விடக்கூடாது" என்று கத்துகிறார். இது ஏன் இப்படி?
வாசகி, கம்மவான்பேட்டை

வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே, இந்தக் கேள்விக்கு உங்கள் ஊர்த் திண்ணையில் என்னைவிட நல்ல பதில் கிடைக்கும். சரி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா பார்ப்பது பன்மையை. அப்பா பார்த்தது குளிரில் நடுங்குகிற, வீட்டுக் கடிதத்துக்குக் காத்திருக்கிற இன்னொரு ஆளை.

1914 கிறிஸ்துமஸ் அன்று பெல்ஜியம், பிரான்ஸ் எல்லையில் ஆங்கிலேய வீரர்களும் ஜெர்மன் வீரர்களும் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்து கை குலுக்கி, சிகரெட் மாற்றிக்கொண்டு, செத்தவர்களைப் புதைத்தார்கள். யாரும் அனுமதி கொடுக்கவில்லை. இரண்டு பக்கத்து மேலதிகாரிகளுக்கும் வந்த கோபம் ஒன்றுதான், இனி இப்படி நடக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். யோசித்துப் பாருங்கள், சுடுவதற்கு மட்டும் இல்லை, எதிரியோடு சிரிக்காமல் இருப்பதற்கும் உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது. 1999 கார்கிலில், பாகிஸ்தான் ஏற்க மறுத்த அவர்கள் வீரர்களின் உடல்களை நம் ராணுவம் இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தது. கர்னல் ஷேர் கான் என்ற பாகிஸ்தான் கேப்டன் (கர்னல் என்பது பெயர், பதவி இல்லை) கடைசிவரை நின்று சண்டை போட்டதைப் பார்த்த நம் பிரிகேடியர், அவர் வீரத்தைச் சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்து உடலை அனுப்பினார். அந்த கேப்டனுக்கு அங்கே மிக உயர்ந்த விருது கிடைத்தது. உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், அவருக்கு இது தெரிந்திருக்கும்.

லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இந்தக் கிராமத்தில் இருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். (வேலூரைக் கிராமம் என்று போட்டிருப்பதைப் பார்த்து நம்மவர்களுக்குக் கோபம் வரும்.) அந்த 277 பேரும் கப்பல் ஏறும்போது ஜெர்மன்காரனையோ துருக்கிக்காரனையோ பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. சம்பளம், கொஞ்சம் மரியாதை, வீட்டில் மழை பொய்த்தது, இப்படி ஏதாவது ஒன்று காரணமாக இருந்திருக்கும். சித்தப்பாவை ஒருநாள் பூக்கடைக்குப் போகிற சாக்கில் அங்கே கூட்டிப் போய்க் காட்டுங்கள். மாறமாட்டார், தெரியும். டிவி முன்னால் இருந்து ஒரு மணி நேரம் எழுந்தாவது இருப்பார்.

கேள்வி: குழந்தைகளைப் படையில் சேர்க்கக் கூடாது என்று உலகச் சட்டம் எதுவும் இல்லையா?
வாசகர், திருப்பத்தூர்

இருக்கிறது. 1989 குழந்தைகள் உரிமை உடன்படிக்கை முதலில் 15 வயசு என்றது, 2000இல் ஐ.நா. கொண்டுவந்த கூடுதல் ஒப்பந்தம், கட்டாயமாகச் சேர்ப்பதற்கும் நேரடியாகச் சண்டைக்கு அனுப்புவதற்கும் 18 என்று உயர்த்தியது. கையெழுத்துப் போட்ட நாடுகள் நிறைய. சட்டம் இருந்தும் ஏன் நடக்கிறது என்றால், பெரியவன் கேள்வி கேட்பான், சம்பளம் கேட்பான். பிள்ளை சொன்னதைச் செய்யும், கொஞ்சமாகச் சாப்பிடும்.

கேள்வி: ஐயா, நான் ஆறாவது படிக்கிறேன். எங்க தெருவுல துப்பாக்கி விளையாட்டுல யாருமே எதிரியா இருக்கமாட்டேங்கறாங்க. எல்லாருக்கும் இந்தியாதான் வேணுமாம். என்ன பண்றது?
மாணவன், சத்துவாச்சாரி

சீட்டுக் குலுக்கிப் போடு கண்ணா, தினமும் புதுசா. நேற்று எதிரியா இருந்தவன் இன்னிக்கு இருக்கக் கூடாது, இந்த ஒரு விதி போதும். இல்லன்னா துப்பாக்கிய வெச்சிட்டு கிரிக்கெட் ஆடுங்க. பந்து மாடி வீட்டுக்குள்ள போய், அந்தத் தாத்தா திருப்பித் தரமாட்டேன்னு உட்கார்ந்திருந்தா, எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து போய்க் கேளுங்க. தனியா வந்தா அவர் தரவே மாட்டார். எங்க தெருவுல அந்தத் தாத்தா நான்தான், அதனால சொல்றேன். இப்ப என்கிட்ட ஏழு பந்து இருக்கு.